ஒற்றையடியும் பேவ்மென்ட்டும்

பர்மிங்காம் வந்த புதிதில், நானும் என் வீட்டுக்காரரும் கடைக்குக் கிளம்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். நான்கு பேர் சேர்ந்து நடக்கக்கூடிய பேவ்மென்ட்டில் அவர் முன்னால் போவார். நான் இரண்டு எட்டு பின்னால். தலையைத் திருப்பாமலே அவர் பேச, நான் "உம்" கொட்டிக்கொண்டே போவேன். "உம்" நின்றால் அவரும் நின்றுவிடுவார்.

பக்கத்து வீட்டு டாரத்தியம்மா ஓய்வுபெற்ற டீச்சர். ஒருநாள் வாசலில் மறித்து, பெண்டாட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறாயே என்று இவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். இவருக்கு முகம் செத்துவிட்டது. "நோ மேடம், ஸ்நேக்! ஐ சீ ஃபர்ஸ்ட்" என்றார். பர்மிங்காமில் பாம்பா என்று அந்த அம்மா வாயைப் பிளந்தார்.

உத்திரமேரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரான மாகறலில் வழி என்றாலே வரப்பும் ஒற்றையடிப் பாதையும்தான். ஓரடி வைக்கத்தான் இடம், அதனால்தான் அந்தப் பெயரும். முன்னால் போகிறவர் பாம்பு, முள், வழுக்கல் பார்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் வருகிறவர் "உம்" கொட்ட வேண்டும். என் அப்பாவின், அதாவது நைனாவின் பின்னால் அப்படி நடந்துதான் நான் வளர்ந்தேன்.

ஒற்றையடிப் பாதைக்குப் பெயர் வந்த கதையை நான் சொன்னதும், டாரத்தியம்மா தடி அகராதியைப் புரட்டி, பேவ்மென்ட் என்ற சொல்லுக்கு லத்தீனில் வேர் 'அடித்துக் கெட்டியாக்கிய தரை' என்று காட்டினார். அடடே, இரண்டும் ஒரே குடும்பம்தானா! எங்களூரில் கால்களே மிதித்து மிதித்து அந்த வேலையை முடித்துவிட்டன. ஆனால் அன்று எனக்கு வேறோர் ஆசை வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம், வழியெல்லாம் இந்த மனுஷன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கேதான் இடம் கிடக்கிறதே, பக்கத்தில் நடந்தால் என்ன? கேட்டேவிட்டேன்.

"ஐயே, பாக்கிறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"ஏற்கெனவே நெனைச்சிக்கினுதான் கீறாங்க. சும்மா வாங்க!"

ஒரு வாரம் தோள் இடித்து, கால் தடுக்கி, வெட்கப்பட்டு நடந்தோம். அப்புறம் பழகிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து ஊருக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நைனா எங்கள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தார். பின்னால் நான். இவர் என்ன செய்தார் தெரியுமா? நடவுக்கு உழுது போட்டிருந்த சேற்றில் புது ஷூவோடு இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்!

"இன்னா பண்றீங்க, வரப்பு கீதே?"

"நீதானே பக்கத்துல வரச் சொன்ன?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே போனவள் நிமிர்ந்து பார்த்தால், நைனா நின்றிருந்தார். தலையில் பெட்டி, திரும்ப முடியவில்லை.

"கண்ணு, பின்னால வர்றியாம்மா?"

முள், வழுக்கல் என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார். ஒன்றுக்குக்கூட நான் "உம்" கொட்டவில்லை.

"உம், நைனா" என்றேன் சத்தமாக. சேற்றில் நின்றவரின் கையை விடவில்லை.