கைபடாத பெட்டி

மஹ்பூபிக்குத் தோல் தொழிற்சாலையில், தோலைப் பதப்படுத்தும் குரோம் ரசாயனத் தண்ணீரில் ஊறிய தோல்களை எடுத்து அடுக்கும் வேலை. விரலிடுக்கெல்லாம் புண். ஆட்டுத்தோல் கெடாமலிருக்க ஆயிரம் மருந்து வாங்கிய முதலாளி, அவள் தோலுக்கு ஒரு ஜோடிக் கையுறை வாங்கவில்லை. கேட்டதற்கு மேஸ்திரி, "அவ்ளோ பேஜாரா இருந்தா வீட்லயே இரு" என்றான். மனு எழுதினாள்.

1982இல் எங்கள் பேட்டைத் தொழிலாளர்களுக்கு ஒரே ஒரு குறைப்பெட்டி. முதலாளிகள் கண்ணில் படாமல் போடட்டும் என்று தாவரவியல் பூங்காவுக்குள் வைத்தார்கள். தொழிலாளர் கண்ணிலும் படவில்லை. மாதாமாதம் பெட்டியைத் திறக்கத் தொழிலாளர் துறை அதிகாரி லோகநாதன் வருவார். வாயிலிலேயே இளநீர் குடித்துவிட்டு, 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக்கொண்டு போவார்.

பூங்கா முழுவதும் தேடிய மஹ்பூபி, காவலாளி பரந்தாமனிடம் வந்தாள்.

"பெட்டி எங்கண்ணே?"

"அதோ, அந்தக் கொடிக்குள்ள."

சங்குப்பூக் கொடி குடிசை உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. பூங்காத் திறப்பு விழாவில் ஒரு பெரிய மனிதர் நட்டதாம்.

"கொஞ்சம் விலக்கி விடுங்க."

"போர்டைப் பாரும்மா. 'செடிகள் மீது கை படக் கூடாது.' எனக்கும் சேர்த்துத்தான்."

"அப்ப மனுவ எப்படிப் போடறது?"

"கொடிய வெட்டச் சொல்லி ஒரு மனு போடு."

"எதுல?"

"பெட்டியிலதான்."

சாமி நட்ட மரத்தை வெட்ட அஞ்சுகிற நாட்டில், ஆசாமி நட்ட கொடிக்கும் அதே மரியாதை.

அதிகாரி வரும் நாளன்று மஹ்பூபி தன் இரண்டு வெள்ளாடுகளோடு வந்தாள். பரந்தாமன் பதறி ஓடி வந்தார்.

"இன்னாம்மா அக்கிரமம் இது?"

"போர்டுல கைன்னுதானே போட்டிருக்கு? ஆட்டுக்குக் கை ஏதுண்ணே? நாலும் காலு."

பரந்தாமன் போர்டை இரண்டு முறை படித்தார். பிறகு ஆடுகளுக்கு வழிவிட்டு நின்றார். வேடிக்கை பார்க்கத் தொழிற்சாலைப் பெண்கள் கூடிவிட்டார்கள். லோகநாதன் வந்தபோது, ஆடுகள் கொடியை மேய்ந்த இடத்தில் பெட்டியின் சிவப்பு வெளியே தெரிந்தது. அவர் இளநீரைக் கையில் பிடித்தபடி நிற்க, எல்லார் முன்னிலையிலும் மஹ்பூபி மனுவை உள்ளே போட்டாள். வேறு வழியின்றித் திறந்து படித்தார்.

அடுத்த வாரமே தொழிற்சாலைக்குக் கையுறை மூட்டை வந்தது. எல்லாம் இடது கைக்கானவை.

"சொன்னபடி குடுத்தாச்சு" என்றான் மேஸ்திரி.

மஹ்பூபி ஒரு கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி வலது கையில் மாட்டிக்கொண்டாள். மற்ற பெண்களும் புரட்டத் தொடங்கினார்கள்.