ஏழு பெட்டிகளும் ஒரு பூட்டுக்காரரும்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் காலை ஐந்தரைக்கு யாருக்கும் அலாரம் தேவைப்படவில்லை. புயலக்கா படியேறுகிற சத்தமே போதும். தபால் ஆபீஸில் இருபத்தொன்பது வருடமாக ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவள். கை போகிற வேகத்தைப் பார்த்து ஆபீஸில் வைத்த பேர் அது. முதுகில் ஒரு பெரிய பை, பைக்குள் பதினொரு கிலோ துருப்பிடித்த பூட்டு. ஆறு மாடி ஏறுவாள், இறங்குவாள், மறுபடி ஏறுவாள். அடிக்கு அடி ஜலக் ஜலக்கென்று சத்தம். மூன்றாம் மாடி பல் டாக்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் திறந்துவிட்டார்.

"அக்கா, ஜெயில்ல இருந்து தப்பிச்சு ஓடுற மாதிரியே இருக்கு. கொஞ்சம் மெதுவா தப்பிச்சுப் போங்களேன்."

"இன்னும் ரெண்டே வாரம் டாக்டர். அப்புறம் நிம்மதியா தூங்குங்க."

பூட்டுகள் புருஷனுடையவை. தெருமுனையில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். பூட்டைப் பிரித்தால் வாயையும் திறப்பார், மூடத்தான் மறந்துவிடும்.

சங்கதி இதுதான். மலைத்தொடரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு நடைபாதை போகிறது. நடந்து முடிக்க ஐந்து மாதம். அந்தப் பாதையோர ஊர்களின் பேரையெல்லாம் இருபத்தொன்பது வருடமாக உறைகளில் படித்து, அந்தந்தத் தட்டில் வீசி வீசி அவளுக்குத் தோள்பட்டையே தேய்ந்துபோயிருந்தது. எவன் எவனோ எழுதின கடிதமெல்லாம் அங்கே போகிறது, நான் மட்டும் போகக்கூடாதா என்று ஆத்திரம். ஓய்வு பெற்ற மறுநாளே கிளம்புவது, அதுவும் தனியாக, என்று முடிவு கட்டிவிட்டாள். சுமை தூக்கிப் பழகத்தான் இந்தப் பூட்டும் படியேற்றமும்.

"அஞ்சு மாசமா? அதுவரைக்கும் என் சாப்பாடு?" என்றார் பூட்டுக்காரர்.

"ஊர்ல இருக்கிற பூட்டெல்லாம் திறக்கிறீங்க, அடுப்பங்கரைக் கதவத் திறக்கத் தெரியாதா?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசாமல் இருக்கிறாரே என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை, வேலை அப்படி. எடையைக் குறைக்கிறேன் என்று பல் பிரஷின் பிடியைக் கத்தியால் அறுத்தாள். பிறகு அறுத்த கத்தியே தொண்ணூறு கிராம் என்று அதையும் பையிலிருந்து எடுத்து வெளியே போட்டாள்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி தீனி. வழியில் சொல்லும்படி கடைகண்ணி கிடையாது. பால் பவுடர், ஓட்ஸ், சூப் பொடி, கடலை என்று ஏழு பெட்டி கட்டினாள். பாதையோரம் ஏழு தபால் ஆபீஸ்; அவள் போய்ச் சேருகிற நேரத்துக்கு அங்கங்கே ஒரு பெட்டி காத்திருக்க வேண்டும். ஒரு பெட்டி தவறினாலும் பயணம் காலி. பசியோடு இறங்கிவந்து பஸ் பிடிக்க வேண்டியதுதான். தேதி பார்த்து ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியவர் யார்? நம்ம பூட்டுக்காரர்.

அவளுக்கு நம்பிக்கை இல்லை. சோதனைக்கு ஒரு செருப்புப் பெட்டியில் பிஸ்கட் வைத்து, சொந்த வீட்டு முகவரிக்கே அனுப்பச் சொன்னாள். நாலாம் நாள் வந்தது, அடி பிளந்து, பிஸ்கட் இல்லாமல்.

"கயிறு எங்கங்க?"

"டேப் ஒட்டினேனே."

"டேப்பாம் டேப்பு! குறுக்கும் நெடுக்குமா கயிறு போட்டு இறுக்கணும். முப்பது வருஷம் தபால்காரியோட குடும்பம் நடத்தியிருக்கீங்க, வெட்கமா இல்ல?"

தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

கடைசி வேலைநாள். வீட்டுத் தராசு சரியில்லை என்று ஏழு பெட்டிகளையும் ஆபீஸுக்கு எடுத்துப்போய், நிறுத்து, தபால்தலையும் ஒட்டித் தன் மேஜை ஓரம் அடுக்கி வைத்தாள். மாலையில் கேக் வெட்டினார்கள். போஸ்ட்மாஸ்டர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். முடிவில், "அக்கா கையால கடைசியா இன்னைக்குத் தபாலை அனுப்பி வைக்கட்டும்" என்றார்.

எல்லாரும் கைதட்ட, புயலக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்தான் கலங்கியது, கை கலங்கவில்லை. மேஜையில் இருந்ததையெல்லாம் முகவரி பார்த்து, முத்திரை குத்தி, பையில் வீசி, பையைக் கட்டி, எட்டு நிமிடத்தில் லாரி ஏற்றிவிட்டாள். லாரி தெருத் திரும்பின பிறகுதான் மேஜை ஓரத்தைப் பார்த்தாள். ஏழு பெட்டியும் போய்விட்டன!

தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி ஊர்த் தபால் ஆபீஸுக்குப் போன் போட்டு, வைத்திருங்கள் என்று கெஞ்சினாள். "பதினஞ்சு நாள்தாங்க. அதுக்கு மேல அனுப்பினவங்களுக்கே திருப்பிடுவோம்" என்றது ஒரு குரல், கவுன்டரில் உட்காரும் நாட்களில் அவள் சொல்கிற அதே எரிச்சலோடு.

வீட்டுக்கு வந்து, கட்டிவைத்த பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் போகலைங்க. முதல் பெட்டி மட்டும்தான் கைக்குக் கிடைக்கும். மிச்சம் ஆறும் திரும்பி வந்துடும்."

"அனுப்பினவர்னு யார் பேரு போட்டிருக்க?"

"உங்க பேருதான்."

"அப்ப எங்கிட்டதானே வரும்? வந்தா மறுபடி அனுப்புறேன்."

"நீங்களா!"

பூட்டுக்காரர் ஒரு பூட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஒண்ணு சொல்றேன், கத்தாத. மூணாவது பெட்டிய அனுப்பாம விட்டுடலாம்னு இருந்தேன்."

"என்னது?"

"பசிச்சா வீட்டுக்கு வந்துடுவேன்னு நினைச்சேன்." தலை நிமிரவேயில்லை. "நீ இல்லாம அஞ்சு மாசம் எப்படி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியலடி."

கத்தத்தான் வாயெடுத்தாள். கத்தாமல் அவர் கையிலிருந்த பூட்டை வாங்கிக் கீழே வைத்தாள். இத்தனை நாள் சோற்றுக்குத்தான் அழுகிறார் என்று நினைத்திருந்தோமே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"அனுப்புறேன். நீ போ. பாதி வழியில திரும்பி வந்து உட்கார்ந்தா, அந்த முறைப்ப ஆயுசு முழுக்க நான்தானே பார்க்கணும்?"

மறுநாள் காலை கிளம்பினாள். முதல் பெட்டி சரியாகக் கிடைத்தது. இரண்டாவது ஒரு நாள் தாமதமாக வந்தது. காத்திருந்த அந்த ஒரு நாளும் அவரை வாயாரத் திட்டினாள்.

மூன்றாவது ஊரை மழையில் நனைந்து, கையில் கடைசிப் பிடி கடலையோடு அடைந்தாள். ஜன்னலுக்குள் இருந்த ஆள், "வந்து நாலு நாளாச்சும்மா" என்று பெட்டியைத் தள்ளினார். அட்டையே தெரியவில்லை. குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை கயிறு. முடிச்சு மட்டும் முப்பது இருக்கும். அறுக்கலாமென்றால் கத்தியைத்தான் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தாளே.

"கத்தரிக்கோல் தரட்டுமாம்மா?"

"வேண்டாங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தாள்.