யாரும் தொடாத நாலு டம்ளர் காபி

மூன்று வருஷத்துக்கு முன்னால், திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மாடியை ஜோர்டானிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். நல்ல பிள்ளை. ஒன்றரை வருஷத்தில் ஒருநாள்கூட மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தது கிடையாது. என் கணவருக்கே அந்தப் பெருமை இல்லை.

ஒருநாள் தன் வயதொத்த இன்னொருவனோடு வந்து நின்றான். இவன் என் சகோதரன், ஹாஸ்டலை ரிப்பேருக்காக மூடிவிட்டார்கள், இரண்டு மாதத்தில் தீசிஸ் கொடுக்க வேண்டும், அதுவரை என்னோடு இருக்கட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். நானும் சரி என்றேன்.

வெளிநாட்டவர் யார் தங்கினாலும் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். அதற்காக இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்று ஜோர்டான், ஒன்று பாலஸ்தீனம். அப்பா பெயரும் வேறு. சரி, ஒன்றுவிட்ட உறவாக்கும் என்று பிறந்த தேதியைப் பார்த்துக்கொண்டே, "ஒரே அம்மாவா?" என்று கேட்டேன். "ஆமாம், ஒரே அம்மாதான்" என்றான். தேதிகளுக்கு நடுவே இருபதே நாள்! எனக்கு வந்ததே கோபம். முப்பது வருஷம் ஆபீஸில் பேப்பர் சரிபார்த்து ரிட்டையர் ஆனவள் நான், என்னிடமே கதையா?

"இருபது நாள்ல ரெண்டு பிரசவமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன் போயாகணும்" என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பொரிந்து தள்ளினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் காதில் வாங்கவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் நாலு பேர் வந்தார்கள். பையன்கள் இருவரும் இஸ்திரி போட்ட சட்டையில். கூடவே அவர்களுடைய புரொஃபசர், அப்புறம் அவர்களுக்குப் பழக்கமான, தம்பானூரில் ஆட்டோ ஓட்டும் ஒரு பெரியவர்.

"இவங்களுக்கு இவிடே பெரியவங்கன்னு ஆரும் இல்ல சேச்சி. அதான் எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. ஒரு காரியம் கேக்கணும்" என்று பெரியவர் ஆரம்பித்தார்.

கோபம் கோபம்தான், ஆனாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? கொண்டு வந்து வைத்தேன். என் கணவர் தன் டம்ளரை உறிஞ்சிக் காலி செய்தார். மற்ற நாலு டம்ளரையும் ஒருவரும் தொடவில்லை. பெரியவர் மட்டும் காபியையும் பையன்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறிப்போறதே, எடுத்துக்கோங்கோ" என்றேன். அசையவில்லை. "எங்காத்துக் காபி எறங்காதோ?" என்று கேட்டேவிட்டேன்.

புரொஃபசர்தான் சொன்னார். அவர்கள் ஊரில் பெண் கேட்கவோ, சமாதானம் பேசவோ பெரியவர்களோடு போனால், வீட்டுக்காரர் சம்மதம் சொல்லும்வரை காபியைத் தொடமாட்டார்களாம்.

அப்புறம் ஜோர்டான் பையன் பேசினான். இவனுடைய அம்மா பிரசவத்துக்காக அம்மான் நகரத்தில், எங்கள் எதிர்வீட்டில் இருந்த தன் அக்காவிடம் வந்திருந்தாள். பிரசவத்துக்குப் பின் படுத்த படுக்கையாகிவிட்டாள். இருபது நாள் முன்னால் என்னைப் பெற்ற என் அம்மாதான் இரண்டு மாதம் எங்கள் இருவருக்கும் பால் கொடுத்தாள். ஒரே பால் குடித்தவர்கள் எங்களுக்கு அண்ணன் தம்பிதான். என் தங்கையை இவன் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ள முடியாது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குப் பாலஸ்தீனத்தில் சம்பந்தம் உண்டு ஆன்ட்டி, பாஸ்போர்ட்டில் அது வராது என்றான்.

நான் நாலு டம்ளரையும் எடுத்துத் தட்டில் வைத்தேன். பையன்கள் இருவருக்கும் முகம் செத்துவிட்டது. பெரியவர், "போச்சு" என்று எழுந்தேவிட்டார். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

"ஐயோ, உக்காருங்கோ! ஆறின காபியை மனுஷாளுக்குக் கொடுப்பாளா? அவன் எங்கேயும் போகவேண்டாம், இங்கேயே இருக்கட்டும். சூடா போட்டுக் கொண்டு வரேன், குடிச்சுட்டுத்தான் எழுந்துக்கணும்."

புரொஃபசர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், அதுவரை வாயே திறக்காத அந்தப் பாலஸ்தீனப் பையன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அடுப்படிக்குள் போய் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தீசிஸைக் குறித்த நாளில் கொடுத்துவிட்டான். ஊருக்குப் போகும் வழியில் அம்மானில் இறங்கி, பால் கொடுத்த அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் பெற்றவளிடம் போனான். அன்றைக்கு அந்த அம்மாள் அவனை அணைத்தபடி வீடியோவில் என்னிடம் என்னவோ சொன்னாள். "என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாயே, நீ நன்றாக இருக்க வேண்டும்" என்று அர்த்தமாம்.

அவள் சொன்ன அந்த 'என் பிள்ளை'க்கு நான் எந்தச் சான்றும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்த அன்றைக்கும் கேட்டிருக்கக் கூடாது என்பது இன்றுவரை என் மனசில் உறுத்திக்கொண்டும், கூடவே அவள் வாழ்த்து இனித்துக்கொண்டும் இருக்கிறது.