கேதத்துக்கு வந்தவர்கள் பழுது பார்த்த வண்டி

அப்பா இறந்த வீட்டுக்குக் கேதம் கேட்க வந்த பொம்பளைகளுக்கு ஒரு சிரமமும் இல்லை. தெருமுனையிலேயே அழ ஆரம்பித்து, நேராக உள்ளே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு டீ குடித்தார்கள். ஆம்பளைகள் பாடுதான் கஷ்டம். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்பார்கள். "நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்று என் தாய்மாமா சொல்வார். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. அப்போதுதான் எதிரே நிற்கிற பிக்கப் வண்டி அவர்கள் கண்ணில் படும்.

அந்த வண்டிக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றி மதுரை மார்க்கெட்டில் இறக்குவது அப்பா தொழில். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் பக்கத்து சீட்டில். போன வருடம் லைசென்சும் எடுத்தேன். கடைசி ஒரு மாதமாக வண்டியில் மிஸ்ஸிங். கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். பிறகு விக்கல் எடுத்த மாதிரி குலுக்கும், இழுக்காது.

மூன்றாம் நாளே மாமா சொல்லிவிட்டார்.

"கருமாதி முடிஞ்சதும் வண்டிய வித்துருவோம்க்கா. ஓட்டுறதுக்கு வீட்ல ஆம்பள இல்ல. மிஸ்ஸிங்க மட்டும் சரி பண்ணிட்டம்னா நல்ல வெலைக்குப் போகும்."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லைசென்ஸ் என்று வாயெடுத்தேன். "நீ போயி வந்தவகளுக்கு டீய ஊத்தாத்தா" என்றார் மாமா.

அன்றிலிருந்து வண்டியைச் சரி செய்வது கேதத்துக்கு வந்தவர்கள் பொறுப்பானது. முதலில் பெரியப்பா. அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டார். "நாலு சிலிண்டர்ல ஒண்ணு செத்துப்போச்சு" என்றார். 'செத்து' என்றதும் பந்தலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே டீசல் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லூஸ் பண்ணினார். லூஸ் பண்ணும்போது சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. மாறவில்லை என்றால் அதுதான் செத்தது. நாலுக்கும் சத்தம் மாறியது. வெள்ளை வேட்டி முழுக்க டீசல்.

"நாலும் நல்லாத்தேன் இருக்கு" என்றார் குழப்பமாக.

"அஞ்சாவது ஏதும் இருக்கா பாருண்ணே" என்றது பந்தலில் ஒரு குரல். துக்க வீடு என்பதை மறந்து நாலைந்து பேர் சிரித்துவிட்டு, மறுபடி முகத்தைத் தொங்கப்போட்டார்கள்.

அடுத்து எங்கள் தெருவில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன். தலையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் எதையோ தேடினார்.

"என்ன மாப்ள தேடுற?" என்று மாமா கேட்டார்.

"பிளக்குண்ணே."

"டீசல் வண்டிக்கு ஏதுடா பிளக்கு?"

அந்த அண்ணன் அசரவே இல்லை. "அதேன் மிஸ்ஸிங்கு. பிளக்கே இல்லாம எப்படிண்ணே ஓடும்?" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

டிராக்டர் ஓட்டும் சித்தப்பா கொஞ்சம் விவரமானவர். டீசல் ஃபில்டரை மாற்றி, பைப்பில் இருந்த காற்றைப் பம்படித்து எடுத்துவிட்டு, தெருவை ஒரு சுற்று சுற்றினார். வண்டி சும்மா பூப்போல ஓடியது. "ஃபில்டருதேன்!" என்றார். கைகொடுத்தார்கள். அழ வந்தவர் ஜெயித்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள், கருமாதிச் சாப்பாட்டுக்குப் பசுமலையிலிருந்து அரிசி மூடை எடுத்து வர ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் எனக்கு லைசென்ஸ் இருப்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது திருப்பரங்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதே விக்கல். ஓரங்கட்டினேன். வண்டியில் டீசல் முள் வேலை செய்யாது. நின்ற இடத்திலெல்லாம் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளவு பார்ப்பது என் வேலை. பழக்கத்தில் குச்சியோடு இறங்கிப் போய் மூடியைத் திறந்தேன். டேங்க் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

அந்தச் சத்தத்தை ஒரு மாதமாகக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது என் மண்டையில் ஏறியது. பழைய மூடியை அப்பா ஒரு பெட்ரோல் பங்கில் மறந்து வைத்துவிட்டார். பழைய சாமான் கடையில் வேறொரு மூடி வாங்கினார். டீசல் தளும்புகிறது என்று சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி உள்ளே வைத்து இறுக்கினார். அது மூடியின் காற்று ஓட்டையை அடைத்துக்கொண்டது. உள்ளே காற்றுப் போக வழியில்லை. டீசல் குறையக் குறைய டேங்க் மூச்சுப் பிடித்துக்கொள்ளும், இன்ஜினுக்கு டீசல் வராது. நிறுத்தி வைத்தாலோ மூடியைத் திறந்தாலோ சரியாகிவிடும். வண்டி விக்கும்போதெல்லாம் அப்பா ஒரு டீக்கடையில் நிறுத்துவார். அவர் டீ குடிக்க, நான் மூடியைத் திறந்து குச்சி விட, பிறகு வண்டி நன்றாக ஓடும். "பாத்தியா, அதுக்கும் ஒரு டீ வேணும்" என்பார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எப்பா, உன் டீ இல்லப்பா, மூடி!" என்று கத்திக்கொண்டே டிரைவர் பக்கம் ஓடினேன். சீட்டு காலியாக இருந்தது. நான்தானே ஓட்டிக்கொண்டு வந்தேன். ரோட்டோரத்தில் குச்சியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் நிறுத்தி, "என்னம்மா, டீசல் தீந்துபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வண்டி மறுபடி குலுக்குது என்று மட்டும் வீட்டில் சொன்னேன். மூடியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சரியாகிவிட்டால் விற்றுவிடுவார்கள். கெட்டுக் கிடந்தால் வாசலிலேயே நிற்கும் என்று நினைத்தேன். அடுத்த எட்டு நாளும் வந்தவர்கள் பம்பு என்றார்கள், வால்வு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், எல்லாவற்றுக்கும் டீ ஊற்றிக்கொண்டே "அப்படியாண்ணே?" என்று கேட்டுக்கொண்டேன்.

கருமாதிக்கு மறுநாள் காலை மாமா ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தார். இரண்டு பேரும் பசுமலை வரை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். குலுங்கிக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"இஞ்சினு போச்சுண்ணே. ஓட்டுறதுக்கு ஆகாது. இரும்பு வெலைக்குத் தாரியளா, ஒடச்சுக்கிர்றேன்" என்றார் வியாபாரி.

"சரி, எடுத்துக்கப்பா. கெடந்து என்ன செய்யப்போகுது" என்றார் மாமா.

உடைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"மாமா, இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. டேங்க் மூடிதேன்."

"அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. நீ என்னத்தக் கண்ட?"

மூடியைத் திருகினேன். புஸ்ஸென்றது. உள்ளே இருந்த ட்யூப் வட்டத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மூடியைப் போட்டேன். "ஏறுங்க, ஓட்டிக் காட்டுறேன்" என்றேன். அவர்கள் ஏறுவதற்குள், பதினாறு நாளாக வாசல் தாண்டாத அம்மா வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளை இறங்கு என்று சொல்லவில்லை. மாமாவும் வியாபாரியும் பின்னால் வாழைத்தார் மாதிரி நின்றுகொண்டு வந்தார்கள்.

பசுமலை தாண்டியது. விக்கல் இல்லை. பழங்காநத்தமும் தாண்டியது. வியாபாரி கேபினைத் தட்டி, "நல்ல வெலைக்கே எடுத்துக்கிர்றேம்மா!" என்று கத்தினார். காதில் விழாத மாதிரி கியரை மாற்றினேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"எட்டாம் நாளு."

"எட்டு நாளா அம்புட்டுப் பேரும் வண்டிக்கடியில படுத்து எந்திரிச்சாக. நீ டீ ஊத்திக்கிட்டு இருந்த?"

"சொன்னா வித்துருவீகள்ல?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "விக்கலைன்னு சொல்லு" என்றாள்.

"நீ சொல்லும்மா. ஒன் தம்பிதான?"

"ஓட்டப்போறது நீயி. நீயே சொல்லு."

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். பின்னால் மாமா முகமெல்லாம் சந்தோஷமாக நின்றார்.

"விக்கல மாமா. நாளைக்கு லோடு இருக்கு" என்றேன்.

லோடு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம்தான் தோப்புக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.