அம்பை அழிக்க அனுமதி இல்லை

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் போட்டோ வேலை பார்க்கிறேன். துணியைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சரிசெய்து, வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்ப வேண்டும். போன வருடம் முதலாளி ஒரு ஏஐ ஏஜென்ட்டை வாங்கி என் பக்கத்தில் உட்கார வைத்தார். உட்கார வைத்தார் என்பது சும்மா பேச்சுக்கு. அதற்கு நாற்காலியும் வேண்டாம், டீயும் வேண்டாம்.

"எல்லாப் போட்டோவையும் அதுவே கிளீன் பண்ணீரும் கண்ணு. போல்டரையெல்லாம் அதுக்குத் தொறந்து உட்ரு" என்றார்.

எல்லாவற்றையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே?

விளம்பரப் படங்களில் அது நன்றாகத்தான் வேலை செய்தது, பொய் சொல்ல மாட்டேன். கசங்கல் போனது, நூல் பிசிறு போனது. வம்பு செக்கிங் படங்களில் வந்தது.

துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங் மேஜையில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சரக்கை ஏற்பதா வேண்டாமா என்று பையர் சொல்வார். ஏஜென்ட்டுக்கு அம்பைப் பற்றி என்ன தெரியும்? அதை அழுக்கு என்று நினைத்து அழித்தது. அம்பு காட்டிய ஓட்டையையும் பின்னல் மாதிரியே நிரப்பி மூடியது. படத்தில் துணி பளிச்சென்று இருந்தது. பையர் சரி என்றார். போன சரக்கு ஓட்டையோடு திரும்பி வந்தது.

பழி அம்பு ஒட்டும் செக்கிங் அக்கா தலையில் விழுந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

"கண்ணு தெரியுதுங்களா, இல்லீங்களா? சனிக்கிழமையோட நின்னுக்குங்க" என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும்.

"என்ன சார் இப்படிச் சொல்லுதிய? நான் அம்பு ஒட்டுனேன்லா!"

பையருக்குப் போன படத்தில் அம்பு இல்லை. அக்கா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அழித்தது ஏஜென்ட்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் வேலையாக ஏஜென்ட்டின் அனுமதியில் கை வைத்தேன். விளம்பரப் படங்களில் அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். செக்கிங் போல்டரில் பார்க்கலாம், பெயர் போட்டு அடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பிறகு கேமராவில் இருந்த அசல் படங்களைக் கொண்டுபோய் முதலாளிக்குக் காட்டி, செக்கிங் போல்டரைப் பூட்டியதையும் சொன்னேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்பு இருந்தது.

அவர் முகம் சிறுத்தது. ஆனாலும் விடவில்லை.

"சரி, அந்தம்மா இருக்கட்டும். நீ அந்தப் போல்டரை மறுபடி தொறந்து உடு கண்ணு. ஓட்டையோட படம் போனா எவன் ஆர்டர் குடுப்பான்?"

ஏஜென்ட் தெரியாமல் செய்ததை இவர் தெரிந்தே செய்யச் சொல்கிறார்.

"முடியாதுங்க" என்றேன்.

"இது யாரு கம்பெனி?"

"உங்க கம்பெனிதானுங்க. ஆனா நாளைக்குப் பழி உங்க மேலயா வருது? அந்தக்கா மேலதானுங்க வரும். வேணும்னா என்னையும் சனிக்கிழமையோட நிறுத்தீட்டு நீங்களே தொறந்துக்குங்க."

அவருக்குத் திறக்கத் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வேறு ஆளைப் பிடித்துத் திறக்கலாம்தான். பிடிக்கட்டும். அதுவரை சாவி என் கையில்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். கறை பட்ட ஒரு டீ ஷர்ட்டில் அம்பை ஒட்டி என்னிடம் நீட்டினார். படம் எடுத்து அப்படியே பையருக்கு அனுப்பினேன், முதலாளிக்கும் ஒரு காப்பி போட்டு.