நாச்சியார் மூக்குத்தியும் குடைக்காரத் துப்பறிவாளரும்

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனது எத்தனையோ தடவை. சாமிக்கு நேர்ந்துகொண்ட பொருள் சம்பந்தப்பட்ட விஷயம். அதோடு எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் வாய்வார்த்தை சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. நான் பத்தாவதுக்கு மேல் படிக்காதவள். ஒரு சொல் தப்பினால் இரண்டு பேருக்கும் அபசாரமாகிவிடுமே என்று பல வருஷம் தயங்கினேன். போன மார்கழியில் என் சித்திதான், "எழுது தாயி, நல்லதத்தான எழுதப்போற" என்றாள். நாச்சியாரை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு முதன்முதலில் டிவி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி. மொட்டை மாடியில் ஆண்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைத்தால், காற்று மழை இல்லாத நாளில் முகங்கள் தெளிவாகத் தெரியும். அம்மாவுக்கு அந்தப் பெட்டியின்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. கண்டதையும் காட்டிவிடுமோ என்று, பூஜை அலமாரியில் இருந்த ஆண்டாள் படத்தை எடுத்து வந்து டிவிக்கு நேர் மேலே சுவரில் மாட்டிவிட்டாள். படம் பார்க்கிற கண் நாச்சியாரையும் ஒருதரம் பார்க்கட்டும் என்பது அவள் கணக்கு. வெள்ளிக்கிழமை தோறும் படத்துக்குப் பொட்டு வைக்கும்போது டிவிக்கும் ஒரு பொட்டு கிடைக்கும்.

ஞாயிறு முற்பகலில் இந்தியில் ஒரு துப்பறியும் தொடர் வரும். துப்பறிவாளர் வெயிலோ மழையோ கறுப்புக் குடையோடுதான் வருவார். தெருவில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். எங்கள் யாருக்கும் இந்தி தெரியாது. பெரியப்பாவுக்கு மட்டும் தெரியும். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து, மில் வாசலில் காவல் வேலை பார்த்தார். பெரியம்மா தவறிய பிறகு எங்களோடுதான் இருந்தார். டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ம், ஆரம்பிக்கப் போறான்" என்பார். பிறகு அவர் சொல்லச் சொல்லத் தெருவே வாயைப் பிளந்து கேட்கும். சில நேரம் திரையில் ஒருவன் நீளமாகப் பேசுவான். பெரியப்பா "வரமாட்டேங்கான்" என்று ஒரே சொல்லில் முடிப்பார். சில நேரம் அவன் ஒரு சொல் சொல்வான். இவர் வெற்றிலை மென்று முடிக்கிறவரை விளக்குவார். இந்தி அப்படிப்பட்ட பாஷை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்திருந்தேன். பிழைத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியாருக்கு ஒற்றைக்கல் மூக்குத்தி சாத்துவதாக அம்மா நேர்ந்திருந்தாள். ஆடிப்பூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை படத்திலாவது நாச்சியார் போட்டிருக்கட்டும் என்று, ஆடி வெள்ளியன்று கெட்டியாகச் சந்தனம் அரைக்கச் சொல்லி, படத்தின் மூக்கில் அந்த மூக்குத்தியை ஒட்டி வைத்தாள். சந்தனம் அரைத்தவள் சித்தி. சுந்தரபாண்டியத்தில் இருந்து சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கூலி வேலை பார்க்கிற குடும்பம். போட்டுக்கொண்டு வந்த நகை கொஞ்சம்தான் என்பதை அம்மா மறக்கவில்லை. மற்றவர்களை மறக்கவிடவும் இல்லை.

மறுநாள் காலையில் மூக்குத்தியைக் காணோம்.

வீட்டைக் கூட்டி, அள்ளி, சலித்துப் பார்த்தாயிற்று. டிவியை மட்டும் யாரும் அசைக்கவில்லை. கரண்டு அடிக்கும் என்ற பயம். மூக்குத்தி போனதைவிட, நேர்த்திக்கடன் தவறி எனக்கு மறுபடி காமாலை வந்துவிடுமோ என்றுதான் அம்மா நடுங்கினாள். என் கண்ணிமையை இழுத்து இழுத்து மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பாள். பயம் வந்தால் மனுஷிக்குக் கண் மறைத்துவிடும். மூக்குத்தி ஒட்டும்போது கூட நின்றவள் சித்தி ஒருத்திதான் என்று பேச்சு ஆரம்பித்தது.

சித்தி அழவில்லை. "நான் எடுக்கலக்கா" என்று ஒரே ஒருமுறை சொன்னாள்.

"அப்ப நாச்சியாரே கழத்தி வச்சுட்டுப் போயிட்டாளாக்கும். செத்த நாளைக்கு ஒங்க ஆத்தா வீட்ல இரு. ஞாபகம் வந்தாச் சொல்லு" என்றாள் அம்மா.

சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனார். பெரியப்பா வேலை முடிந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. மூக்குத்தி செய்த ஆசாரி யார், கல் எவ்வளவு பெரிது என்று அம்மாவிடம் விசாரித்தார். அவரும் துப்புத் துலக்கப் போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு நானும் இறங்கினேன். தரையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன், கட்டெறும்புப் புற்றைக்கூடப் பார்த்தேன். ஒருநாள் பெரியப்பாவின் கையைக் கண்ணாடியில் பார்த்தபோது, மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு பட்டை.

"வாட்சு எங்க பெரியப்பா?"

"ரிப்பேருக்குக் குடுத்துருக்கேன். நீ போயி கள்ளனத் தேடு."

போய்த் தேடினேன்.

அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தெரு கூடியது. அன்றைய கதையில், பெரியப்பா சொன்னபடி, ஒரு பெரிய வீட்டில் கோயில் நகை காணாமல் போகிறது. புதிதாக வந்த மருமகள்மேல் பழி விழுகிறது. அம்மா அடுப்படியில் இருந்து முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். குடைக்காரர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன சொல்லுதார்னா, எடுத்தது யாருங்கிறது எனக்குத் தெரியும். பேரச் சொல்லமாட்டேன். எடுத்தவுக பூஜையில வச்சுட்டுப் போயிரட்டும், யாரும் எதுவும் கேக்கப்படாது. ஆனா ஒண்ணு. ஒரு பொண்ணு கண்ணத் தொடச்சுக்கிட்டு வாசப்படி எறங்குன வீட்டுலருந்து எம்புட்டுப் பெரிய நகை கொண்டுபோனாலும் சாமி வாங்காதுங்கார்."

அந்த நேரம் திரையில் ஒரு தாடிக்காரனுக்குப் போலீஸ் விலங்கு மாட்டிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, அந்தாளப் புடிச்சிட்டாங்களே?"

"அது வேற கேஸுட்டி. சும்மா பாரு."

அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலை பூஜை செய்யப் போனவள் சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள். கிண்ணத்துக்குள் மூக்குத்தி. திருகு மட்டும் முன்னைவிட இறுக்கமாக இருந்தது. எண்ணெய் விட்டால் சரியாகும் என்றார் பெரியப்பா. யார் வைத்திருப்பார்கள் என்று அம்மா கேட்டதற்கு, "கேக்கப்படாதுன்னு அவரு சொல்லிருக்காருல்லா" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

சித்தி வீட்டில் இல்லாதபோது மூக்குத்தி திரும்பி வந்திருக்கிறது. இதற்கு மேல் துப்பு வேண்டியதில்லை. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சுந்தரபாண்டியம் போனாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வாசலிலேயே நின்றாள். அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது.

"ஏட்டி, கெளம்பு. நீ வந்து சந்தனம் அரைச்சாத்தான் நான் நாச்சியார்கிட்ட போவேன்" என்றாள்.

சித்தி சொம்பை மறுபடி நீட்டினாள். "மொதல்ல தண்ணியக் குடிங்கக்கா" என்றாள்.

ஆடிப்பூரத்தன்று குடும்பமாகப் போய் மூக்குத்தியைச் சாத்தக் கொடுத்தோம். எனக்குக் காமாலை திரும்ப வரவில்லை.

பல வருஷம் கழித்து, கலர் டிவி வாங்குவதற்காகப் பழைய பெட்டியைத் தள்ளிவிடும்போது மெக்கானிக் அதன் முதுகைக் கழற்றினார். தூசியோடு பொட்டென்று ஒன்று விழுந்தது. ஒற்றைக்கல் மூக்குத்தி, காய்ந்த சந்தனம் இன்னும் அதில் ஒட்டியிருந்தது. பெட்டியின் சூட்டில் சந்தனம் காய்ந்து, முதுகில் இருந்த காற்றுச் சந்து வழியாக விழுந்திருக்கிறது. யாருமே எடுக்கவில்லை.

அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய்ப் பெரியப்பா முன்னால் நின்றாள். அவருக்கு அப்போது கண் மங்கியிருந்தது. தடவிப் பார்த்துச் சிரித்தார். "அம்புட்டு நாளும் குடைக்காரரு காலடியிலயே கெடந்துருக்கு. அந்தாளு என்னத்தத் துப்பறிஞ்சாரோ" என்றார். அம்மா குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த ஆடிப்பூரத்துக்கு இரண்டாவது மூக்குத்தியும் போனது. தட்டில் அதைச் சித்தி கையால் வைக்கச் சொன்னாள் அம்மா.

ரிப்பேருக்குப் போன கைக்கடிகாரம் திரும்பி வரவே இல்லை. வெள்ளைப் பட்டை வெயிலில் கறுத்து, மற்ற தோலோடு சேர்ந்துவிட்டது. பூதக்கண்ணாடியை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தும் எனக்கு அன்று அது வெறும் கைதான்.

இதைப் படிக்கிறவர்கள், மருமகள் வந்திருக்கிற வீடுகளில் ஒருமுறை சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கதையை மாற்றிச் சொல்ல எங்கள் பெரியப்பா ஒருவருக்குத்தான் நாச்சியார் அனுமதி கொடுத்திருந்தாள்.