குறை சொல்லி இழந்த கம்ப்யூட்டர்

நான் இருக்கும் இந்த அமெரிக்க ஊரில், வேண்டாத பொருளைத் தெருவோரமாக வைக்கும்போது அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். "நன்றாக வேலை செய்கிறது" என்று அதில் எழுதியிருக்கும். வந்த புதிதில் ஒரு மேஜை விளக்கின்மேல் இதைப் படித்துவிட்டு வெகுநேரம் நின்றேன். நன்றாக எரிகிற விளக்கை எவனாவது தெருவில் வைப்பானா? ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். யோசித்தபடியே தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தால் விளக்கைக் காணோம். ஒரு மாணவி அதைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அன்று மாலை கடைக்குப் போய்ப் புது விளக்கு ஒன்று வாங்கினேன்.

இங்குள்ள பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். கால்பந்து மைதானத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. 'சர்ப்ளஸ்' என்று பெயர். துறைகளுக்குப் புதுச் சாமான் வந்ததும் பழையதெல்லாம் இங்கே வந்துவிடும். வியாழக்கிழமை மதியம் கதவைத் திறப்பார்கள். யார் வேண்டுமானாலும் போய் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வரலாம். நாற்காலி, அலமாரி, மைக்ராஸ்கோப் எல்லாம் கிடைக்கும். எண்பதுகள் பிறந்ததும் கம்ப்யூட்டர்களும் வர ஆரம்பித்தன. டெர்மினல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரோரம் அடுக்கப்பட்டுக் கிடக்கும். எங்கள் வேலூர்ப் பக்கம் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவனே அபூர்வமாக இருந்த காலம் அது. இங்கே அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

எரிந்ததற்குக் காரணம் உண்டு. தோல் தொழில் படித்துவிட்டு, தோல் பதனிடும் இந்த ஊர் டேனரியில் வேலை கிடைத்துத்தான் நான் விமானம் ஏறினேன். நான் வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இங்கே டேனரிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. வெளிநாட்டிலிருந்து தோல் மலிவாக வந்து இறங்குகிறதாம். எங்கிருந்து என்று விசாரித்தால், ஆம்பூரும் ராணிப்பேட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தன. விட்டுவந்த ஊர் என்னைத் துரத்திக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. எங்கள் டேனரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதற்குள் வேறு தொழில் கற்றாக வேண்டும். பல்கலைக்கழகத்தில் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். பாடம் புரிந்தது. கைக்குப் பழக்கம்தான் போதவில்லை. அங்கிருந்த மெஷின்களில் இடம் பிடிக்கச் சின்னப் பையன்களோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. வீட்டில் சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துவிட்டது. புதிது வாங்குவது நடக்கிற காரியமல்ல. எனக்கிருந்த ஒரே வழி சர்ப்ளஸ்தான்.

அமெரிக்கா வருவதற்கு முன், எழுபதுகளில் ஆம்பூர் டேனரி ஒன்றுக்குப் பதனிடாத பச்சைத்தோல் வாங்குகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. தோல் மண்டிக்குள் நுழைந்ததும் முதல் வேலை முகத்தைச் சுளிப்பது. சரக்கு எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதைத் திட்ட வேண்டும். காசிம் பாய் என்று ஒரு தரகர் இருந்தார். அவருக்கும் எனக்கும் வாராவாரம் நடக்கும் பேச்சு இதுதான்:

"இன்னா பாய், ஆட்டுத்தோலா இது, மீன் வலையா? இவ்ளோ ஓட்டை!"

"கண்ணாடி போடு சாமு. வாணியம்பாடி வரைக்கும் போய்ப் பாரு, இது மாதிரி சரக்கு கிடைக்காது."

"கத்தி வெட்டு ஜாஸ்தி பாய். விலையை கம்மி பண்ணு, இல்லன்னா நான் கிளம்பறேன்."

"கிளம்பேன், யார் புடிச்சா? டீ சொல்லிட்டேன், குடிச்சிட்டுக் கிளம்பு."

டீ வருவதற்குள் விலை படிந்துவிடும். நான் திட்டியதை அவர் நம்பவில்லை, அவர் புகழ்ந்ததை நானும் நம்பவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், சரக்கு உண்மையிலேயே அருமையாக இருக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பாய் எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "இன்னா சாமு, ஒடம்பு சரியில்லியா?" என்றார். அந்தப் பேச்சு மண்டி முழுக்கப் பரவி, போகிற வருகிறவனெல்லாம் என் உடம்பைப் பற்றி விசாரித்தான். அதற்குப் பிறகு பிடித்த பொருளைப் பிடித்திருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

தனபாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்துப் பையன். வீட்டில் லுங்கி நெசவு. கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தான். எனக்கு இளையவன், எனக்குப் பின்னால் வந்தவன். ஆனால் எனக்கு முன்னால் எல்லாம் அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். ஆனாலும் வெள்ளைக்காரர்கள் அவனைத்தான் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பேராசிரியர் தன் பழைய காரையே அவனிடம் சும்மா கொடுத்துவிட்டார். எப்படிடா என்று கேட்டால், "சும்மா கேட்டேன்ணா, குடுத்துட்டாரு" என்பான். ஊரிலிருந்து அவனுக்குப் பார்சலில் லுங்கி வந்தால் எனக்கும் ஒன்று கொண்டுவந்து தருவான். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் அவனை நினைத்துப் புழுங்குவேன். கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்கும் வழி வைக்காதவன் அவன்.

ஒரு வியாழக்கிழமை அந்த மெஷினைப் பார்த்தேன். வேதியியல் துறையிலிருந்து வந்தது. ஆர்மோனியப் பெட்டி அளவு இருக்கும். பச்சை எழுத்துத் திரை, ஃப்ளாப்பி போட இரண்டு வாய், தனியாக ஒரு கீபோர்டு. சுவிட்சைப் போட்டதும் ஒரு முனகல் இல்லாமல் எழுந்து, திரை மூலையில் கண்சிமிட்டியது. விலைச்சீட்டைப் பார்த்தேன். என் ஒரு மாத மளிகைச் செலவைவிடக் குறைவு. கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பார்க்காதவன்போல் வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரம் வந்து அடித்துப் பேசி எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அதைத் தூக்கி வர ஒரு கார் வேண்டும். தனபாலைக் கேட்டேன். என்ன வாங்கப் போகிறேன் என்று அவனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவனுக்கும் ஆசை வந்துவிடுமே! புத்தக அலமாரி பார்க்கப் போகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் டேல் என்ற நரைத்த மனிதர். தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக இருப்பார். நல்லவேளையாக மெஷின் அதே இடத்தில் இருந்தது. நான் அலமாரிகளைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் பார்ப்பதுபோல் மெஷின் பக்கம் போனேன். மண்டியில் பழகிய வாய் தானாகத் திறந்துகொண்டது. விசிறி சத்தம் போடுகிறது, பெல்ட் தேய்ந்த மாதிரி இருக்கிறது என்றேன். திரையில் எழுத்து நடுங்குகிறது என்றேன். கீபோர்டில் இரண்டு எழுத்து ஒட்டிக்கொள்கிறது, இரண்டாவது ஃப்ளாப்பி வாய் ஃப்ளாப்பியையே தின்றுவிடும், மொத்தத்தில் இது ஒரு வாரம் தாங்காது என்றேன். பாதி நானே கட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற தனபாலின் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அடுத்து டேல் என்ன சொல்ல வேண்டும்? உனக்குக் கண் தெரியவில்லையா, இது மாதிரி மெஷின் உலகத்திலேயே கிடையாது என்று சொல்ல வேண்டும். அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாது. சொன்னதற்கு ரொம்ப நன்றி" என்றார். விலைச்சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, மெஷினின் தலையில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டினார். உதிரிப் பாகத்துக்கு மட்டும் என்று அதற்கு அர்த்தமாம்.

"பரவாயில்லை, அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

"வேண்டாம் நண்பரே. உங்கள் பணத்தை வீணாக்க நான் விடமாட்டேன்."

"இல்லை, எனக்கு வேண்டும். கொஞ்சம் கூடவே தருகிறேன்."

அவர் என் தோளில் கை வைத்தார். "நீங்கள் நல்ல மனிதர். என் மனது கஷ்டப்படக் கூடாது என்று சொல்கிறீர்கள். எனக்குப் புரிகிறது" என்றார். நான் கெஞ்சக் கெஞ்ச அவருக்கு என்மேல் மரியாதை ஏறிக்கொண்டே போனது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அதை எந்த மொழியில் சொல்வது? நான் சொன்ன குறையெல்லாம் பொய், எங்கள் ஊரில் அப்படித்தான் வாங்குவோம் என்று அந்த மனிதரிடம் எப்படி விளக்குவது? பொய்யன் என்றுதானே நினைப்பார்?

நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது தனபால் சாதாரணமாகக் கேட்டான், "அப்படியானால் இதை நான் எடுத்துக்கொள்ளலாமா? பிரித்துப் பார்க்க வசதியாக இருக்கும்." முழுநேர மாணவர்களுக்குச் சிவப்புச் சீட்டுச் சாமான் இலவசம் என்றார் டேல். அவரே ஒரு பக்கம் பிடித்து, காரின் பின்சீட்டில் தூக்கி வைத்தார். தனபால் அதற்குக் குழந்தைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டான். வீடு வரும்வரை நான் அதை முறைத்தபடியே வந்தேன். "அலமாரி ஒண்ணும் அமையலியாண்ணா?" என்று அவன் அனுதாபப்பட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அண்ணா, மெஷின் ஜோரா ஓடுது. நீங்க சொன்ன குறை ஒவ்வொண்ணா தேடிப் பார்த்தேன். எதுவும் ஒட்டல, எதுவும் நடுங்கல. ஒருவேளை எடுத்து வர்றப்போ ஆடினதுல சரியாய்டுச்சோ?" என்றான். எனக்கு அன்று முளைத்த சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. குடியாத்தத்துக்காரனுக்கு இந்த வியாபாரப் பேச்சு தெரியாமலா இருக்கும்? லுங்கி வாங்க வருகிற வியாபாரி நூலையும் சாயத்தையும் திட்டாமலா வாங்குவான்? தெரிந்தே செய்தானா, தெரியாமல் செய்தானா? கேட்டால் எனக்கு அது வேண்டியிருந்தது என்பது வெளியே வந்துவிடும். அதனால் கேட்கவில்லை. "சாயங்காலத்துல வாங்கண்ணா, ரெண்டு பேரும் உக்காந்து கத்துக்கலாம்" என்று அவன் கூப்பிட்டான். நான் போகவில்லை. என் மெஷினுக்கு முன்னால் நான் விருந்தாளியாகப் போய் உட்கார வேண்டுமா?

அந்தக் குளிர்காலத்தில் டேனரியை மூடினார்கள். வகுப்பை நான் அதற்கு முன்பே விட்டுவிட்டேன். வேலை தேடி அலைந்தபோது கூப்பிட்டுக் கொடுத்தவர் டேல்தான். கிடங்குக்கு வரும் சாமான்களைச் சோதித்து, இருக்கிற குறையை மறைக்காமல் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். என்னைப்போல் நேர்மையானவரை அவர் பார்த்ததே இல்லையாம். இப்போது நாள் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நடுவில்தான் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு மெஷினுக்கும் உயிர் கொடுத்துப் பார்த்து, விலைச்சீட்டு ஒட்டி, வாங்குகிறவர்களின் காரில் ஏற்றி அனுப்புகிறேன். கிடங்கில் வேலை செய்கிறவர்கள் கிடங்கில் எதையும் வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். ஒவ்வொரு கார் கிளம்பும்போதும் எனக்குள் ஒன்று கிள்ளும்.

தனபால் படிப்பை முடித்ததும் ஊருக்கே திரும்பிவிட்டான். மெஷினையும் கூடவே கொண்டுபோனான். வேலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது என் அண்ணன் வீட்டிலேயே அவன் புராணம்தான். "குடியாத்தத்துப் பையன் இன்னாமா வந்துட்டான் பாரு! அமெரிக்கா போனான், கத்துக்கினான், வந்து நாலு பேருக்குச் சொல்லித் தர்றான். நீ இன்னாடா பண்ற அங்க?" என்றான் அண்ணன். "நானும் கம்ப்யூட்டர்லதான் இருக்கேன்" என்றேன். மறுநாள் ஆம்பூரில் வேலூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா வரும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மாடி வராந்தாவில் வெயில் கொளுத்தியது. கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. நானும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ஏசி குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே பிள்ளைகள் தங்கள் முறைக்காகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கக் கரண்டில் ஓடுகிற மெஷின் என்பதால் மேஜைக்கு அடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. மேஜைமேல் அது இருந்தது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தன. ஒரு பெண் அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். தனபால் என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். "இந்த மெஷின் இன்னிக்கு இங்க ஓடுதுன்னா இவர்தான் காரணம். இதுல இன்னின்ன குறைன்னு அன்னிக்கே புட்டுப்புட்டு வச்சாரு" என்று பிள்ளைகளிடம் சொன்னான். அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கிண்டலா, நன்றியா, ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்குத் தனபால்மேல் பொறாமை இல்லை. அந்தப் பெட்டிமேல்தான் இருந்தது. நான் ஊரிலிருந்து போய் இத்தனை வருஷமாகியும் அமெரிக்காவில் ஒட்டாமல் கிடக்கிறேன். அது அங்கிருந்து வந்து, பொட்டு வைத்துக்கொண்டு, இந்த ஊர்ப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்துவிட்டது. "வாங்கண்ணா, உக்காந்து பாருங்க" என்று தனபால் நாற்காலியை இழுத்தான். அடுத்து உட்கார வேண்டிய பையன் என்னைப் பார்த்து ஒதுங்கினான். நான் கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண் வாசலோர மேஜையிலிருந்து நிமிர்ந்தாள்.

"சார், உள்ள வந்தா வாங்க, இல்லன்னா வெளிய நில்லுங்க. கதவு தொறந்தே இருந்தா ஏசி போய்டும்."

"இதோம்மா" என்றேன். முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கதவை நான் விடவில்லை.